நெட்டையனை உக்கார வச்ச கதை

ஏலே பேராண்டி, விடியக்காலம் பல்லுகூட விளக்காம டி.வி. முன்னால உக்காந்து, அமெரிக்காவுல நிக்குற கோச்சுக்கு இங்கேருந்து யோசனை சொல்லுத. நல்ல காரியந்தான். உன் சத்தம் அவருக்கு எட்டுதோ இல்லியோ, தொழுவத்துக்கு எட்டுது. பசு மிரண்டு கால்படி பால் குறையுது.

செத்த நேரம் உக்காரு, ஒண்ணு சொல்லுதேன். 2013-ல என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுத்து. மியாமிக்கு எதிரா சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மூணுக்கு ரெண்டுன்னு முன்னால நிக்கி. ஆறாவது ஆட்டத்துல அரை நிமிசம்கூட மிச்சமில்ல, கோச் போப்பவிச் டிம் டங்கனைக் கூப்பிட்டு பெஞ்சுல உக்கார வச்சுட்டார். டங்கன் அந்த அணிக்குத் தேர் வடம் மாதிரி. ஆனாலும் கோச் போட்ட கணக்கைப் பாரு: மியாமிக்கு வேண்டியது மூணு புள்ளி எறி, வெளிய ஓடி ஓடி மறிக்க நெட்டையனை விட வெரசா ஓடுறவன்தான் தோது. நீயா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்ப, இல்லைன்னு தலையாட்டாத.

மியாமியோட லெப்ரான் எறிஞ்ச பந்து வளையத்துல பட்டுத் தெறிச்சுது. எட்டிப் பிடிக்க டங்கன் இல்ல. போஷ் பிடிச்சு ரே ஆலனுக்குக் கொடுத்தான். ஆலன் பின்னாலயே நடந்து மூலைக்குப் போயி போட்டான் பாரு, 95-95. மிச்சம் 5.2 நொடி. கூடுதல் நேரத்துல ஆட்டம் போச்சு, ஏழாவது ஆட்டத்துல கோப்பையும் போச்சு. போப்பவிச்சுக்குக் கிடைச்ச வசவு நீ தினமும் குடுக்கதை விட ஜாஸ்தி.

மனுசன் அசரலை. மறுவருசம் அதே மியாமியோட மோதுறப்ப, ஸ்பிளிட்டர்ங்கிற இன்னொரு நெட்டையனை உக்கார வச்சுட்டு டியாவை முதல் அஞ்சு பேர்ல இறக்குனார். நாலுக்கு ஒண்ணுன்னு கோப்பை!

2015 இறுதிச் சுத்துல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் க்ளீவ்லாந்துகிட்ட ஒண்ணுக்கு ரெண்டுன்னு திணறுது. அப்ப நிக் யூரன்னு ஒரு உதவியாள், 28 வயசுப் பய, அந்த டியாவ் ஆட்டத்தைப் போட்டுப் பாத்துட்டு ஏழடி போகட்டுக்குப் பதிலா இகுடாலாவை இறக்குவோம்னான். கோச் ஸ்டீவ் கெர் சரின்னுட்டார். அவரும் போப்பவிச்கிட்ட ஆடுனவர்தான். மாத்தம் ஒண்ணும் இல்லையேன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட பச்சையாப் புளுகிட்டு ஆளை மாத்துனார். 103-82-ன்னு ஜெயிச்சு, அடுத்த ரெண்டையும் ஜெயிச்சு, 40 வருசம் கழிச்சுக் கோப்பை. பந்து விழுந்துட்டதால பொய்யும் சாமர்த்தியம் ஆயிட்டு. விழாம இருந்திருந்தா நீ என்ன பேசியிருப்பன்னு தொழுவத்துல கேட்டாத் தெரியும்.

இந்த இகுடாலா இருக்கானே, கெர் வர்றதுக்கு முன்னால ஆடுன 758 ஆட்டத்துலயும் முதல் அஞ்சு பேர்ல நின்னவன். அந்த வருசம் கெர் வந்ததும் பெஞ்சுக்குப் போனான். வழக்கமான ஆட்டம் ஒண்ணுலகூட முதல்ல இறங்கலை. கடைசியில இறுதிச் சுத்தோட சிறந்த ஆட்டக்காரன் அவன்தான்.

1994-ல சிகாகோவுல நடந்தது வேற. ஆட்டம் சமம், 1.8 நொடி பாக்கி. கடைசி எறி கூகோச்சுக்குன்னார் கோச் பில் ஜாக்சன். அதே அணி ஆட்டக்காரன் பிப்பனுக்கு மூக்கு மேல கோவம், சாந்து பொட்டு வைக்கலைன்னு பந்தியில உக்காராத சம்பந்தி மாதிரி பெஞ்சை விட்டு எந்திரிக்கவே இல்ல. கூகோச் போட்டான், ஜெயிச்சுட்டாங்க. கோவிச்சவன் உக்காந்தே பாக்க வேண்டியதாப்போச்சு. அந்த அணியில கெரும் இருந்தார். வாய்விட்டுச் சிரிச்சிருப்பாரோ என்னமோ, எனக்குத் தெரியாது.

போகட்டா? அவனைப் பத்தி யாரு பேசுதா? தப்புன்னு பெருசா ஒண்ணும் பண்ணலை, உசரமாப் பொறந்தான், அவ்வளவுதான். அந்த இறுதிச் சுத்துல அதுக்கப்புறம் களத்துல தலை காட்டுனதே அபூர்வம். கோப்பையில அவனுக்கும் பங்கு உண்டுதான், ஆனா...

என்னலே, அதுக்குள்ள எந்திரிச்சுட்ட? கோச் சொல்லாம எந்திரிக்கப்பிடாது. உக்காரு.