மேடில்லாத மலை வேண்டும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்று ஒரு துறைமுக ஊர். கோடையில் அங்கே கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த மனிதரைப் பார்த்துவிடலாம். பர்மிங்ஹாமிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். காரின் முதுகில் ஒரு சைக்கிள் கட்டியிருக்கும். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார். வரிசையாக நிற்கும் கார்களைக் கண்டதும் முகம் கோணும். "எங்கே பார்த்தாலும் கார்! இந்த நாடு உருப்படவா போகிறது?" என்பார். சொல்லிவிட்டுத் தன் காருக்கு ஒரு வார வாடகை கட்டி, ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சைக்கிளை இறக்குவார்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லாவிட்டால் ஓய்வு பெறுவதைப் பற்றி வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருப்பார். உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பறக்கிற பந்தயக்காரர் என்று இவரை நினைத்துவிடக் கூடாது. அவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. இவர் ஊர் சுற்றுகிறவர். கொள்கை ஒன்றே ஒன்று: மோட்டார் சத்தம் காதில் விழாத பாதையில் மலைநாட்டைச் சுற்ற வேண்டும். வெளியே சொல்லாத இரண்டாம் கொள்கையும் உண்டு. மலையைப் பார்க்க வேண்டும், ஏறக் கூடாது.

முதலில் அவருடைய சைக்கிள் சீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவரே சொல்லுவார். அது 1866-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட். புதிதில் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி குழி விழும் என்பது ஐதீகம். மாட்டுத்தோல் முதலில் இணங்கியதா, மனிதத்தோல் இணங்கியதா என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். தோல் நனையக் கூடாது என்பதால் மழை தூறியதும் சீட்டுக்கு முதலில் உறை போடுவார். தனக்கு ரெயின்கோட் அப்புறம்தான். ஃபோர்ட் வில்லியம் பக்கத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. ஆகவே அந்தச் சீட்டை நேரில் பார்த்தவர்கள் குறைவு.

சைக்கிளின் எடையைக் குறைக்க அவர் செலவழித்த பணத்தில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம். அப்படி இளைக்க வைத்த வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஜெர்மனிப் பைகள் தொங்கும். உள்ளே கூடாரம், அடுப்பு, மூன்று விதமான ஸ்பேனர், "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்ட சாமான்கள். அந்த "எதற்கும்" வருவதே இல்லை. வந்தாலும் வேண்டிய சாமான் காரில்தான் இருக்கும். ஹேண்டில்பாரில் வழி சொல்லும் போன் ஒன்று. போனை நம்ப முடியாது என்று மடித்த காகித வரைபடம் ஒன்று. இரண்டும் ஒன்றையே சொன்னால் முகம் வாடிவிடும். வேறு வேறாகச் சொன்னால் நடுப்பாதையில் நின்று அரைமணி நேரம் சந்தோஷமாக இருப்பார்.

ஓபனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக இன்வர்னஸ் வரை போகும் சைக்கிள் தடத்துக்கு எண் 78. பெயர் கலிடோனியா வழி. தெற்கே கேம்பல்டவுனில் தொடங்குகிற தடம் இது. ஓபன் தாண்டியதும் பெரும்பாலும் பழைய ரயில் பாதைமேல் போகிறது. இங்கேதான் நம்மவரின் இரண்டாம் கொள்கை பலிக்கிறது. ரயில் எஞ்சினுக்கு மேடு ஆகாது. 50 அடிக்கு ஓர் அடி ஏறினாலே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பாறையை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, கடலோரமாகவே வளைத்து வளைத்துத் தண்டவாளம் போட்டார்கள். 1903-இல் திறந்த பாலகுலிஷ் கிளைப்பாதை 1966-இல் மூடப்பட்டது. இரும்பைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், சமதளம் மிச்சம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் நம்மவர் வியர்க்காமல் போகிறார்.

யோசித்துப் பார்த்தால் இந்த மனிதரின் சொர்க்கம் முழுக்க மற்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட இடங்களால் ஆனது. ஃபோர்ட் வில்லியம் தாண்டியதும் கலிடோனியன் கால்வாய்க் கரை. நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களிடம் மாட்டாமல், வடகோடிக் கடலின் புயலிலும் சிக்காமல் நாட்டின் குறுக்கே கப்பல் விட வேண்டும் என்று 1803-இல் வெட்டத் தொடங்கினார்கள். மேற்பார்வை தாமஸ் டெல்ஃபோர்டு. ஏழு வருஷத்தில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். திறப்பு விழா நடந்தது 1822-இல். நெப்போலியன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாக்குறைக்குத் திட்டமிட்ட ஆழமும் தோண்டவில்லை. கப்பல்களோ அதற்குள் பெரிதாகிவிட்டன. பேனவியில் எட்டு மதகுத் தொட்டிகள் அடுத்தடுத்து ஏறிப்போகும். நெப்டியூன் படிக்கட்டு என்று பெயர். போர்க் கப்பலுக்காகக் கட்டிய அந்த இடத்தில் இன்று உல்லாசப் படகுக்காரர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வர, நம்மவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு சாண்ட்விச் தின்றபடி பார்க்கிறார். இங்கிலாந்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு வேண்டியதில்லை.

அடுத்தது ஆய்க் ஏரிக்கரை. அங்கேயும் ஒரு ரயில் பாதை. கதை இன்னும் பரிதாபம். ஸ்பீன் பிரிட்ஜிலிருந்து இன்வர்னஸ் வரை பள்ளத்தாக்கு நெடுக ரயில் விடுவதாகக் கனவு. எதிர்க் கம்பெனிகளோடு சண்டை போட்டு, வழக்காடி, கடைசியில் 1903-இல் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை 38 கிலோமீட்டர்தான் வந்து சேர்ந்தது. ஏற ஆளில்லை. கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத விலைக்கு 1914-இல் கைமாறியது. 1933-இல் பயணிகள் ரயில் நின்றது. 1946-இல் எல்லாமே நின்றது. முதலீடு செய்தவர்கள் தலையில் துண்டு. நம்மவருக்கு மரநிழலில் வழவழவென்று ஒரு பாதை.

வழியில் வேலியோரம் நிற்கும் கிழவர் ஒருவர் நிச்சயம் பேச்சுக் கொடுப்பார்.

"எங்கே போகிறீர்கள்?"

"இன்வர்னஸுக்கு."

"அடடா. பஸ் இருக்கிறதே!"

மலைநாட்டுக்காரர்கள் இதைச் சிரிக்காமல் சொல்லுவார்கள். பஸ் போகும் ஏ82 நெடுஞ்சாலை பள்ளத்தாக்கின் மறுகரையில் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் மட்டும் நம்மவர் காதில் விழாது. விழக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்.

மோட்டார் இல்லையென்றால் எதிரியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கதவுகள் இருக்கின்றன. ஆடு மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட கதவுகளில் சில, மனிதர் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி அமைந்தவை. நான்கு பைகளையும் கழற்றி, சைக்கிளை நட்டமாக நிறுத்தி, அந்தப் பக்கம் இறக்கி, திரும்பவும் பைகளை மாட்டி நிமிரும்போது அடுத்த கதவு கண்ணுக்குத் தெரியும். நாய்கள் இருக்கின்றன. நாய் பாதைக்கு இந்தப் பக்கம், எஜமானி அந்தப் பக்கம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத கயிறு. பின்னாலிருந்து மணி அடித்தால் நடப்பவர்களுக்குக் கோபம். அடிக்காமல் வந்தாலும் கோபம். இதைப் பற்றி நம்மவர் மணிக்கணக்கில் புலம்புவார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் காலாற நடக்கும்போது பின்னால் மணி கேட்டால் திட்டுகிற முதல் ஆளும் அவர்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடியது மிட்ஜ். கொசுவே பார்த்துச் சிரிக்கும் அளவுக்குச் சின்னப் பூச்சி. ஆனால் தனியாக வராது, ஊர்வலமாக வரும். காற்று அடித்தாலோ சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாலோ அதனால் கிட்டே வர முடியாது. நின்றால் தீர்ந்தது. காற்றில்லாத மாலையில் ஏரிக்கரையில் பஞ்சர் ஆகும்போதுதான் நம்மவரின் தத்துவங்கள் சோதனைக்கு வரும். டயருக்குள் காற்றடைத்தவர்களில் முதல்வரான ராபர்ட் தாம்சனும், 1888-இல் அதைத் திரும்பக் கண்டுபிடித்த ஜான் டன்லப்பும் ஸ்காட்லாந்துக்காரர்கள். தலையில் வலையை மாட்டிக்கொண்டு டியூபை உருவும்போது இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வாழ்த்துவதற்கு அல்ல.

ஃபோர்ட் அகஸ்டஸில் வாழ்க்கை மாறுகிறது. ரயில் கனவு அங்கே செத்தது என்றேன் அல்லவா? சமதளமும் அங்கேயே செத்துப்போகிறது. நெஸ் ஏரியின் தென்கரைப் பக்கமாகப் போகும் தடம், ஏரி மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அந்தப் பக்கத்துச் சாலைகள் ஜெனரல் வேட் காலத்தவை. கலகக்காரர்களை அடக்கப் படை விரைந்து போகட்டும் என்று 1720-களில் அவர் போடத் தொடங்கிய சாலைகளில், 1745-இல் கலகக்காரர்களே சௌகரியமாக நடந்து போனார்கள். பொறியாளருக்கு எஞ்சினைப் பற்றிக் கவலை. தளபதிக்குச் சிப்பாயின் முழங்காலைப் பற்றிக் கவலையில்லை.

நம்மவர் இறங்கித் தள்ளுகிறார். யாராவது எதிரே வந்தால் நின்று, இடுப்பில் கை வைத்து, காட்சியை ரசிப்பார். அப்போது பின்னாலிருந்து எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி, பேட்டரி சைக்கிளில் மூச்சுக்கூட வாங்காமல் வந்து, "என்ன அருமையான காலை!" என்று சொல்லிக் கடந்து போவாள். மோட்டார் இல்லாத வழியில் மோட்டார்! அவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். "அதெல்லாம் சைக்கிளே இல்லை" என்று அன்று ராத்திரி விடுதியில் தீர்ப்பு வழங்குவார். அடுத்த கோடையில் அவரிடமே ஒன்று இருக்கும். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

அதே விடுதியில் மூலையில் ஒருவர் சேறு அப்பிய காலோடு உட்கார்ந்திருப்பார். அவர் வேறு பரம்பரை. 1955-இல் லெம்ஸ்டர் என்ற ஊரில் ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்று ஒரு சங்கம் கூடியது. பாதையே இல்லாத மலைமேல் சைக்கிளைக் கொண்டுபோவதுதான் அதன் தொழில். பாதி நேரம் சைக்கிள் இவர்களைச் சுமக்கும், மீதி நேரம் இவர்கள் சைக்கிளைச் சுமப்பார்கள். அந்த மனிதர் நம்மவரின் நான்கு பைகளையும், சீட்டு உறையையும், வால்நட் கேக்கின் இரண்டாவது துண்டையும் ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நம்மவர் உடனே எதிர்க்காற்றைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்குவார்.

இன்வர்னஸ் ரயில் நிலையத்தில் கடைசிக் காட்சி. கார் ஓபனில் நிற்கிறது. கவுண்டரில் கேட்கிறார்: "ஃபோர்ட் வில்லியம் வழியாக ஓபனுக்கு ரயில் எத்தனை மணிக்கு?"

"அப்படி ஒரு ரயில் கிடையாது."

"நடுவில் நேர்கோடாய்ப் பள்ளத்தாக்கு இருக்கிறது. நூறு வருஷமாக ஒரு ரயில் விட உங்களுக்குத் தோன்றவில்லையா?"

தோன்றியது. பாதி போட்டார்கள். அதன்மேல்தான் இவர் முந்தாநாள் சைக்கிள் விட்டுக்கொண்டு, மூடியவர்களை வாயார வாழ்த்தினார். இப்போது தெற்கே பெர்த், பிறகு கிளாஸ்கோ, அங்கிருந்து திரும்பவும் வடமேற்கே ஓபன் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் சுற்ற வேண்டும். பஸ்ஸா? பஸ் ஏ82 வழியாகப் போகும். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

நீங்கள் போவதாக இருந்தால் காரை மறந்துவிட்டு, கிளாஸ்கோவிலேயே ரயில் ஏறுங்கள். ஓபன் போகும் தடத்தில் 2021 முதல் சில ரயில்களில் 20 சைக்கிள் நிறுத்தும்படி தனிப்பெட்டி இருக்கிறது; முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வானிலை பேசலாம், அரசியல்கூடப் பேசலாம். அவருடைய சைக்கிள் சீட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓபன் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.