அவசரத்துக்கு இரண்டு சாவி

மலையில் போய்க் குடியிருக்கப் போகிறோம் என்று சொன்னபோது, சொந்தக்காரர்களில் ஒருவர்கூட ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. ‘ராத்திரி நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவீங்க?’ என்றுதான் கேட்டார்கள். பகலில் வலித்தால் பரவாயில்லை போலிருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் வீடு கட்டியவர்கள். அந்தத் தைரியத்தில் வாழைக்காய் பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலையில், கொஞ்சம் காபி, ஊடே மிளகுக்கொடி, நாலைந்து பலா. இவ்வளவுதான் நம் சமஸ்தானம். மருந்து வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகப் போவதால், கீழே போய்ச் சேர்ந்ததும் முதலில் வாங்கும் மருந்து, திரும்பி ஏறுவதற்கான வாந்தி மாத்திரை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008-லேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு டவர்தான் இன்னும் வரவில்லை. எலுமிச்சை மரத்தடியில் கிழக்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு தெரியும். மேற்கே திரும்பினால் அதுவும் போய்விடும்.

ஆகவே முதலுதவிப் பெட்டி. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது, ஒருவர் மட்டும் திறக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தோடு ஆயுளைக் கழித்தவனிடம் மருந்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? தேக்கில் ஒரு சின்ன அலமாரி செய்து இரண்டு பூட்டுப் போட்டேன். ஒரு சாவி என் அரைஞாணில். மற்றது மனைவியிடம். உள்ளே ஒரு ரிஜிஸ்டர்: தேதி, மருந்து, வரவு, செலவு, இருப்பு, இருவர் கையொப்பம்.

“தலைவலி மாத்திரைக்குமா கையெழுத்து?” என்றாள்.

“ஆடிட் வந்தா என்ன பதில் சொல்றது?”

“யாரு, காட்டுமாடா வரப்போகுது ஆடிட்டுக்கு?”

அவள் தமிழாசிரியையாக இருந்தவள். ரிஜிஸ்டரில் நான் ‘மருந்துக்கள்’ என்று எழுதியிருந்ததில் ‘க்’கை மட்டும் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனாள்.

கொள்முதலுக்கு நானே இறங்கினேன். பட்டியலைப் படித்த மருந்துக்கடைக்காரர், “சார் மேல ஆஸ்பத்திரி ஏதும் கட்டுறீங்களா?” என்றார். தையல் போடும் ஊசி நூல், மாவுக்கட்டுத் துணி, கழுத்துப் பட்டை, உறிஞ்சு குழாய், கையுறை ஒரு முழுப் பெட்டி. கடைசி வரி பாம்புக்கடி மருந்து. “ரெண்டு பாட்டில்” என்று மண்ணெண்ணெய் கேட்பதுபோலக் கேட்டேன்.

மனிதர் பொறுமைசாலி. “சார், அது ரெண்டு பாட்டில் சமாசாரம் இல்ல. முதல் தடவைக்கே எட்டு, பத்துன்னு நரம்புல ஏத்துவாங்க. சில பேருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம மூச்சு இழுக்கும். அதுக்கு அட்ரினலின் கையில வெச்சுக்கிட்டு ஆள் நிக்கணும். உங்க வீட்டுல யாரு நிப்பாங்க?”

“வீட்டுக்காரம்மா.”

“அம்மா நர்ஸா?”

“தமிழ் டீச்சர்.”

அவர் பட்டியலில் அந்த வரியை அடித்தார்.

பிறகு விசாரித்ததில் இன்னொரு சங்கதி தெரிந்தது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்வது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மாமல்லபுரம் பக்கத்தில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் காபிச் செடியில் இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியன் அந்த நால்வர் அணியில் இல்லை. நான் அந்த மருந்தை அரும்பாடுபட்டு மேலே ஏற்றியிருந்தாலும், பாதிப் பாம்புகள் அதை மதித்தே இருக்காது.

கடித்தால் என்னதான் செய்வது? கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, சினிமாக் கதாநாயகன்போல வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடிபட்டவர் நடக்கவே கூடாது. இதை மனைவிக்கு விளக்கினேன்.

“அப்ப உங்களைக் கடிச்சா எலுமிச்சை மரத்துக்கு நான்தான் போகணும்.”

“ஆமா.”

“உங்க போனுக்கு என்ன பாஸ்வேர்டு?”

பாம்புக்கடிப் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

எதிர்பார்த்தது விரியன். வந்தது கவாத்துக் கத்தி. காபிக்குக் கவாத்து வெட்ட வந்த பெரியவருக்கு இடது கைப் பெருவிரல் அடியில் நல்ல ஆழமான வெட்டு. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தலைமைக் காசாளர் விழித்துக்கொண்டார். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தேன். “உன் சாவி எங்க?” என்று கத்தினேன். அவள் சாவி அரிசிப் பானைக்குள் இருந்தது. எந்த அரிசிப் பானை என்பதில் கருத்து வேறுபாடு. நான் இட்லி அரிசிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, பெரியவர் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்து, “ஒரு கை காபித்தூள் இருந்தா குடுங்கம்மா, அப்பிக்கிறேன்” என்று கேட்டிருக்கிறார். காபித் தோட்டத்துக்காரன் வீட்டில் அதற்கா பஞ்சம்! ஆனால் தூளை அப்பினால் காயத்துக்குள் குப்பை சேரும், பிறகு ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டிக் கழுவ வேண்டிவரும். மனைவி வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, “அழுத்திப் பிடிங்க, கையைத் தூக்கி வைங்க, எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க” என்றாள். பத்து நிமிஷம். வெளிக்காயத்தில் ரத்தத்தை நிறுத்த இதைவிடப் பெரிய வித்தை எதுவும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நான் சாவியோடு வெளியே வந்தபோது ரத்தம் நின்றிருந்தது. பெரியவர் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தையலுக்கும் டி.டி. ஊசிக்கும் ஜீப்பில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தோம். ஊசி நூல் அலமாரியிலேயே இருக்கிறது, வேண்டுமானால் நானே... என்று ஆரம்பித்தேன். பெரியவர் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வெள்ளைத் துணி எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் கவனித்தேன். அடுப்படியில் பூட்டில்லாமல் ஒரு பிஸ்கட் டப்பா. என் பழைய வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டை பட்டையாகக் கிழித்து அடுக்கியிருந்தாள். பிளாஸ்திரி, அயோடின் களிம்பு, ஊக்கு, முள்வாங்கி, கத்தரிக்கோல், டார்ச், காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரை பாக்கெட். மண் சரிந்து பாதை அடைபட்டால் இருக்கட்டும் என்று எங்கள் இருவரின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பதினைந்து நாளைக்கு. இது என் பட்டியலில் இல்லவே இல்லை. மாவுக்கட்டுத் துணி வாங்கியவனுக்குத் தினம் விழுங்கும் மாத்திரை நினைவுக்கு வரவில்லை. மூடியின் உள்பக்கம் ஒரு தாள்: யாருக்கு எந்த மருந்து ஆகாது, ஜீப்காரர் நம்பர், அவர் எடுக்காவிட்டால் அவர் மைத்துனர் நம்பர். கூடவே ஒரு துணி சோப்பு.

“மருந்து டப்பாவுல சோப்பு எதுக்கு?”

“நாய் கடிச்சா கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவணும். கழுவிட்டு ஊசிக்கு ஓடணும். மிளகாய்த்தூள் வைக்கணும்னு நெனச்சீங்களா?”

நினைக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

கணவர் குலத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வரலாறு எடுத்துவிட்டேன். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் பஞ்சு கொள்முதல் செய்த ஏர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொண்ட மனைவிக்காக 1920-ல் ஒட்டும் நாடாவில் துளித்துளியாகத் துணியை வைத்துக் கொடுத்தார். அதுதான் பேண்ட்-எய்ட், அதாவது நம் பிளாஸ்திரி. பார், ஒரு புருஷனின் கண்டுபிடிப்பு.

“அவரே காயை நறுக்கியிருந்தா பிளாஸ்திரியே தேவைப்பட்டிருக்காது” என்றாள்.

அந்த வார்த்தை சுட்டதால் தீபாவளிக்கு முறுக்குச் சுட உதவப் போனேன். எண்ணெய் என் மணிக்கட்டில் தெறித்தது. பேனா மை, பற்பசை, இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு என்று அக்கம்பக்கத்து வைத்திய சிகாமணிகள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். எதுவும் ஆகாது, இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், அதுதான் முறை என்று நானே அறிவித்துக் கையை நீட்டினேன். சொன்னது சரிதான். ஐப்பசி மாதத்து மலை ஊற்றுத் தண்ணீர் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எரிச்சல் போய், கை போய், பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக நின்றேன். கொப்புளம் வரவில்லை. முறுக்கு ஒரு ஈடு கருகிப்போனதாகப் பின்னால் தகவல் வந்தது.

பலாப்பழக் காலத்தில் மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பழத்தை ரசித்துச் சாப்பிட்டார். மேலே மலைவாழை, தயிர், மறுபடி பலா. விடியற்காலையில் கொல்லைக் கதவு ஓயாமல் சத்தம் போட்டது. ‘எத்தனை தடவை’ என்பது ரிஜிஸ்டருக்குத் தேவைப்படும் விவரம். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? நான் மனைவியிடம் கேட்க, அவள் மகளிடம் கேட்க, மகள் கதவோரம் கேட்டு, பதில் அதே வழியில் திரும்பி வருவதற்குள் இன்னொன்று ஆகிவிடும். இருப்பு ஒருநாளும் டேலி ஆகவில்லை.

உப்பு சர்க்கரை பாக்கெட்டில் பாதியை ஒரு தம்ளரில் போட்டுக் கொடுத்து, மீதியைச் சேமிக்கலாம் என்று யோசனை சொன்னேன். மனைவி பார்த்த பார்வையில் யோசனை வாபஸ். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் அது உடம்புக்குத் தண்ணீரைச் சேர்ப்பதற்குப் பதில், உடம்பிலிருந்து குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனபோது, பங்காவ் என்ற ஊரில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்த மாதிரிக் கரைசலைத்தான் டிரம் டிரம்மாகக் கலந்து வாய்வழியாகக் கொடுத்து ஏராளமானவர்களைப் பிழைக்கவைத்தார். இதை மாப்பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று விவரமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

இத்தனைக்கும் பிறகு என் தேக்கு அலமாரியின் இருப்பு ரிஜிஸ்டரோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது. எடுத்தால்தானே குறைய! ஆனால் மழைக்காலம் அதற்குள்ளும் கை வைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வந்து சோபாவில் உட்காரும் ஊர் இது. பிளாஸ்திரியின் பசை செத்துப்போகிறது, பஞ்சில் பூஞ்சை வாசம், மாவுக்கட்டுத் துணி தானே கெட்டியாகிக் கல்லாகிவிட்டது. செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேகரித்து மூலைக்கு மூலை வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் காலாவதிச் சோதனை உண்டு. மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித்தான் தருகிறார்கள். தேதி அச்சடித்த மூலை எப்போதும் கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டை வாங்கினாலும் வெள்ளித் தாளில் மையே இல்லாமல் அமுக்கிய எழுத்து. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 6 மாதிரி தெரியும், நேராகப் பார்த்தால் 8. இரண்டு வருஷ வித்தியாசத்தை நான் கழுத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறேன் என்பதுதான் தீர்மானிக்கிறது.

போன வாரம் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். ஊருக்கு வருகிறானாம், என்ன வேண்டுமாம். எலுமிச்சை மரத்தடியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். பட்டியல் சட்டைப்பையில் தயாராக இருந்தது. பாம்பு விஷம் உறிஞ்சும் பம்ப் ஒன்று, குளிருக்குப் போர்த்தும் வெள்ளித் தாள் இரண்டு, டவர் இல்லாமலே பேசுகிற சாட்டிலைட் போன் ஒன்று என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“டேய், அந்த பம்ப் விஷத்தை எடுக்காதாம், தோலைத்தான் எடுக்குமாம். சாட்டிலைட் போனை இங்க அனுமதி இல்லாம கொண்டுவந்தா உன்னை ஏர்போர்ட்லயே உட்கார வெச்சிடுவாங்க. நாலு பாட்டில் கோடாலித் தைலம் போதும். அப்புறம் உங்க மாமாவுக்கு நல்லதா ஒரு பூதக்கண்ணாடி வாங்கிட்டு வா. மாத்திரைத் தேதி பார்த்துக்கிட்டு இருக்கட்டும். முறுக்குச் சுட வராம இருப்பாரு.”