உயரத்திலிருந்து ஊற்றும் ஒயின்

கேள்வி: லேசாக நுரைக்கும், அதிகம் பேர் அறியாத ஸ்பானிய வெள்ளை ஒயினை ஒரு புதியவர் எப்படித் தேடுவது?

பதில்: கடையில் ‘சக்கோலி’ என்று கேட்டால் போதும்.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் கடலோரத்துச் சரக்கு இது. கெத்தாரியா ஊரைச் சுற்றி விளையும் ‘ஒண்டராபி சூரி’ திராட்சைதான் மூலம். கடற்காற்றும் மழையும் ஓயாத சரிவு என்பதால் புளிப்பு தூக்கல். ஆல்கஹால் சுமார் 11 சதவீதம். கெத்தாரியா சக்கோலிக்கு 1989-இல் பிறப்பிடப் பெயர்க் காப்பும் கிடைத்தது.

ஊற்றும் அழகே தனி! புட்டியை உயரத் தூக்கி, அகலக் கண்ணாடிக் குவளையில் மெல்லிய தாரையாக விடுவார்கள். டீ ஆற்றும் கைதான் நினைவுக்கு வரும். விழும் வேகத்தில் குமிழ்கள் விழித்துக்கொள்ளும். இரண்டு விரற்கடைதான் ஊற்றுவார்கள். குமிழ் அடங்குமுன் குடித்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ள, வினிகரில் ஊறிய நெத்திலி.

லேபிளில் ‘கெத்தாரியாகோ சக்கோலினா’ என்றிருக்கிறதா, ஆண்டு புதியதா என்று பார்த்து, நன்றாகக் குளிரவைத்துத் திறக்கலாம்.