போப்பாண்டவர் பெயரில் ஒரு வாய் ரொட்டி

பதிமூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், காலணா சொத்து இல்லாதவர்கள் குடியிருந்த கருங்கல் கட்டடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பிரான்சிஸ்கன் சபை மடங்களுக்குத்தான் போக வேண்டும். "உங்கள் மடம் அழகாக இருக்கிறதே, சாமி" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அங்கே இருக்கும் துறவி பதறிப்போவார். மடம் அவருடையது இல்லை. பின்னால் இருக்கும் தோட்டம் அவருடையது இல்லை. உடுத்தியிருக்கும் அங்கி இல்லை, இடுப்பில் கட்டிய கயிறு இல்லை, பாதி கடித்து வாயில் வைத்திருக்கும் ரொட்டிகூட இல்லை. எல்லாம் போப்பாண்டவர் பெயரில் இருக்கிறது. இவர் மென்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கிண்டலுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். முத்திரை குத்திய ஆவணங்கள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் (அந்தச் சபைக்காரர்கள் மன்னிக்க) அசிசி நகரத்து ஜவுளி வியாபாரி பியத்ரோவின் மகன் பிரான்சிஸ். அப்பா கடைத் துணியையும், துணியைச் சுமந்துபோன குதிரையையும் பக்கத்து ஊர்ச் சந்தையில் விற்று, இடிந்துகிடந்த ஒரு கோயிலுக்குக் கொடுக்கப் பார்த்தவர். அப்பா ஆயரிடம் பிராது கொடுத்தார். மகன் ஊரார் முன்னிலையில் உடுத்தியிருந்ததை எல்லாம் அவிழ்த்து, "இதுவும் உம்முடையதுதானே" என்கிற மாதிரி அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு அம்மணமாக நின்றார். ஆயர் அவசரமாகத் தன் மேலாடையால் அவரைப் போர்த்தினார். மேலிடத்திலிருந்து கீழே துணி போன அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பிரான்சிஸ் ஏசுவின் போதனையை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். பையில் காசு வேண்டாம், மாற்றுடை வேண்டாம் என்று சுவிசேஷத்தில் இருந்தால், அதற்கு அர்த்தம் காசு வேண்டாம், மாற்றுடை வேண்டாம் என்பதுதான் என்று பிடிவாதமாக இருந்தார். இது எவ்வளவு ஆபத்தான வாசிப்பு என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சீடர் ஒருவர் காசைக் கையால் தொட்டுவிட்டார் என்று தெரிந்ததும், அதே காசை வாயால் கவ்விக்கொண்டு வெளியே போய்க் கழுதைச் சாணத்தின்மேல் போட்டுவிட்டு வரச் சொன்னார். சீடரும் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

அசிசி நகராட்சிக்காரர்கள் அன்பு மிகுதியில், சபை கூடும் இடத்தில் ஒரு கட்டடம் எழுப்பிவிட்டார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய பிரான்சிஸ் அதைப் பார்த்தார். பேச்சே இல்லை. கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிக் கீழே எறிய ஆரம்பித்தார். நகரத்தார் ஓடிவந்து, "ஐயா, இது உங்கள் சபைக் கட்டடம் இல்லை, நகராட்சிக் கட்டடம்" என்றார்கள். அடுத்தவர் சொத்தை உடைக்க அவருக்கு மனசில்லை. இறங்கிவிட்டார்.

பொலோனியாவிலும் இதே கதை. அங்கே "சகோதரர்களின் வீடு" என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டவர், எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். நோயாளிகளையும் விடவில்லை. அப்போது ஊகோலினோ என்கிற கர்தினால் முன்வந்து, "அந்த வீடு என்னுடையது, இவர்கள் சும்மா தங்கியிருக்கிறார்கள்" என்று சபை நடுவே அறிவித்தார். எல்லோரும் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கும் ஒரு மகானைக் கூரையிலிருந்து இறக்க ஒரு பட்டா போதும் என்பதை ஊகோலினோ அன்றே மனசில் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவர்தான் 9ஆம் கிரகோரி என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார்.

1226இல் பிரான்சிஸ் காலமானார். சாவதற்கு முன் ஒரு மரண சாசனம் சொல்லி எழுதவைத்தார். அதன் சாரம் இதுதான்: நான் எளிமையாகச் சொன்னதை எளிமையாகவே வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பதவுரை, விளக்கவுரை எழுதாதீர்கள், சலுகை கேட்டு ரோமாபுரியிலிருந்து கடிதம் வாங்காதீர்கள்.

1228 ஜூலை 16 அன்று அவருக்குப் புனிதர் பட்டம். மறுநாளே அசிசியில் அவர் பெயரால் பிரம்மாண்டமான பேராலயத்துக்கு அடிக்கல். நட்டவர் 9ஆம் கிரகோரி. கட்டடப் பொறுப்பு எலியா என்ற சகோதரரிடம். நிதி திரட்ட எலியா வைத்த பளிங்கு உண்டியலைப் பிரான்சிஸின் நெருங்கிய தோழர் லியோ அடித்து நொறுக்கியதாகவும், அதற்காக லியோவை நொறுக்கியதாகவும் சபையில் சொல்வதுண்டு. கூரையில் ஏறி ஓட்டை எறிய ஆள் இல்லை. ஆள் அடித்தளத்தில் இருந்தார், கல்லறைக்குள்.

1230இல் சபையார் போப்பாண்டவரிடம் தூதுக்குழு அனுப்பினார்கள். கடிதம் வாங்காதே என்று சாசனம் சொல்கிறதே, அந்தச் சாசனம் எங்களைக் கட்டுப்படுத்துமா என்று விளக்கம் கேட்டு. கட்டுப்படுத்தாது என்று போப்பாண்டவர் பதில் போட்டார். அதற்கு அவர் சொன்ன தகுதி, புனிதரோடு தமக்கு நெடுநாள் பழக்கம், அவர் உள்ளக்கருத்து தமக்குத் தெரியும் என்பது. நம் ஊரில் தலைவர் கண்மூடியதும் கிளம்பும் அத்தனை வாரிசுகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

அதே பதில் கடிதத்தில் காசுக்கும் வழி பிறந்தது. சகோதரர்கள் காசைத் தொட வேண்டாம். நம்பிக்கையான நண்பர் ஒருவர் தொடட்டும். அவர் காசு கொடுத்தவர்கள் சார்பாக வைத்திருந்து, சகோதரர்களின் தேவைக்குச் செலவு செய்யட்டும். அதோடு கழுதைச் சாணத்துக்கு வேலை போயிற்று.

1245இல் 4ஆம் இன்னசென்ட் சபையின் சொத்துக்களை எல்லாம் போப்பாண்டவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார். 1279இல் 3ஆம் நிக்கோலஸ் அதைச் சட்ட நுட்பத்தோடு செப்பனிட்டார். ஒரு பொருளின்மேல் மனிதனுக்கு ஐந்து வகைப் பிடி இருக்கலாமாம்: சொத்துரிமை, கைவசம், அனுபவ பாத்தியம், பயன்படுத்தும் உரிமை, கடைசியாக வெறும் பயன்பாடு. பிரான்சிஸ்கன்களுக்கு இருப்பது அந்தக் கடைசி ஒன்றுதான். ரொட்டியைத் தின்னலாம், தின்ன உரிமை கிடையாது. திருடன் பிடுங்கிக்கொண்டு போனால் அது போப்பாண்டவருக்கு நேர்ந்த நஷ்டம். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்த எழுத்தருக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது. ஊரை அடித்து உலையில் போட்ட மந்திரிமார் பினாமி வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ஏழையாக இருப்பதற்கு ஒரு பினாமி, அதுவும் போப்பாண்டவரே பினாமி என்பது இங்கேதான்.

அந்த ஆணைக்கு யாரும் விளக்கவுரை எழுதக் கூடாது, எழுதினால் சபை நீக்கம் என்றும் நிக்கோலஸ் சேர்த்துக்கொண்டார். உரை எழுதாதே என்று பிரான்சிஸ் சொன்னது செல்லாது. உரைக்கு உரை எழுதாதே என்று போப் சொன்னது செல்லும்.

எல்லோரும் இதை விழுங்கிவிடவில்லை. ஏழ்மை என்றால் ஏழ்மைதான் என்று ஒரு பிரிவினர் கிழிந்த, குட்டையான அங்கியோடு திரிந்தார்கள். குதிர் நிறைய தானியத்தையும் நிலவறை நிறைய திராட்சை ரசத்தையும் வைத்துக்கொண்டு பிச்சைக்காரன் என்று சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். பதில் சொல்லச் சங்கடமான கேள்வி. சங்கடமே படாத ஒருவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

அவர் 22ஆம் ஜான். பிரான்சின் கஹோர் ஊர்க்காரர். வட்டிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். தாந்தே தன் காவியத்தில் அந்த ஊரையே நரகத்தின் ஒரு வட்டத்துக்கு அடையாளமாகப் போட்டிருக்கிறார். போப்பாண்டவர் பதவி இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் காலியாகக் கிடந்ததால், பிரெஞ்சு அரச குடும்பத்துப் பிலிப், கர்தினால்களை லியோன் நகரத்து மடம் ஒன்றில் வைத்துப் பூட்டினார். உள்ளே இருந்தவர்கள் 1316 ஆகஸ்டில் எழுபதைத் தாண்டிய இந்தக் கிழவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீக்கிரம் போய்ச் சேருவார், அடுத்த முறை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. மனிதர் பதினெட்டு வருஷம் இருந்தார். அவிஞோன் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் புத்தகத்தில் கண்ணாக இருந்தார். வந்த பணத்தில் பாதிக்கு மேல் இத்தாலியப் போர்களுக்கு. பகைவரை நேசிக்கச் செலவு ஆகத்தானே செய்யும்.

1317இல் அவர் உத்தரவு போட்டார்: அங்கியின் நீளத்தைச் சபை மேலாளர்கள் முடிவு செய்வார்கள், குதிரும் நிலவறையும் வைத்துக்கொள்ளலாம். ஏழ்மை பெரிது, கற்பு அதைவிடப் பெரிது, கீழ்ப்படிதல் எல்லாவற்றையும்விடப் பெரிது என்றார். மூன்று வார்த்தைப்பாடுகளில் மேலதிகாரிக்குச் செலவு வைக்காதது எதுவோ அது முதலிடத்துக்கு வந்தது. கீழ்ப்படிய மறுத்த நான்கு துறவிகளை 1318 மே 7 அன்று மார்சேய் நகரில் உயிரோடு எரித்தார்கள். அவர்களை விசாரித்தவரும் பிரான்சிஸ்கன்தான். ஜவுளிக் கடைக்காரர் மகனின் சபையில் துணி குட்டையாக இருந்ததற்கும் குதிர் வேண்டாம் என்றதற்கும் நாலு உயிர். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இதற்கு ஒத்துழைத்தவர் சபைத் தலைவர் செசேனா மிக்கேல். தன் ஆட்களைக் கொடுத்தாவது சபையைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார். அவருடைய முறை வரக் கொஞ்ச காலம் ஆயிற்று.

1321இல் நார்போன் ஊரில் ஒரு பக்தனைப் பிடித்தார்கள். ஏசுவும் அப்போஸ்தலர்களும் எந்தச் சொத்தும் வைத்திருக்கவில்லை என்று சொன்னது குற்றம். விசாரித்த டொமினிக்கன் துறவி இது தப்பறை என்றார். அங்கிருந்த பிரான்சிஸ்கன் ஆசிரியர் இல்லவே இல்லை என்றார். இரண்டு சபைக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். வழக்கு அவிஞோனுக்குப் போயிற்று. ஜான் உற்சாகமாக நிக்கோலஸ் போட்ட பழைய வாய்ப்பூட்டை நீக்கி, எல்லோரும் விவாதிக்கலாம் என்று அனுமதித்தார்.

விவாதத்தின் உச்சக்கட்டம் யூதாசின் பணப்பை. அப்போஸ்தலர்களின் பொதுப் பணப்பையை யூதாசு வைத்திருந்தான் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. பை இருந்தால் பணம் இருந்தது. பணம் இருந்தால் சொத்து இருந்தது. ஏசுவுக்கே சொத்து இருந்தால் நமக்கு இருந்தால் என்ன? பேதுருவின் வாரிசு தன் கஜானாவுக்கு ஆதாரம் தேடி யூதாசின் பைக்குள் கைவிட்ட காட்சியை எந்த ஓவியரும் வரையாதது கலையுலகத்துக்கு நஷ்டம்.

1322இல் பெருஜியாவில் கூடிய சபையார், மிக்கேல் தலைமையில், ஏசு சொத்தில்லாதவர் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் ஜான் திருப்பி அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அடி சட்டப்படி சுத்தமான அடி. தின்றால் தீர்ந்துபோகும் பொருளில் உரிமை வேறு, பயன்பாடு வேறு என்று பிரிக்க முடியுமா? ஒரு முட்டைக்கும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டிக்கும் ரோமாபுரி உரிமையாளராக இருக்க வேண்டும் என்று புத்தியுள்ளவன் எவனாவது நினைப்பானா என்று கேட்டார். பினாமி தொழிலிலிருந்து விலகிக்கொண்டார். சபை வழக்கறிஞர் பொனகிராசியா ஆட்சேபம் தெரிவித்தார். ஜான் அவரைச் சிறையில் போட்டு, அவர் காட்டிய ஓட்டைகளை அடைத்து ஆணையை மாற்றி எழுதி, பழைய தேதியையே போட்டு வெளியிட்டார். புதிய ஆணையில் கோயில், குடியிருப்பு, பூசைப் பாத்திரம் நீங்கலாக மற்றதெல்லாம் உங்கள் தலையில்.

அடுத்த ஆண்டு முடிவுரை வந்தது. ஏசுவும் அப்போஸ்தலர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று அடித்துச் சொல்வது தப்பறை. மாட்டுக் கொட்டிலில் பிறந்து, இரவல் கழுதையில் ஊர்வலம் போய், இன்னொருவர் கல்லறையில் அடக்கமானவருக்கு 1323 நவம்பர் 12ஆம் தேதி அவிஞோனில் சொத்துரிமை வழங்கப்பட்டது.

ஜானோடு மல்லுக்கு நின்ற பவேரியா லூயி மன்னருக்கு உடனே ஏழ்மையின்மேல் பாசம் பொங்கியது. போப்பே தப்பறைக்காரர் என்று அறிக்கை விட்டார். 1328 மே மாதத்தில் ரோமாபுரியில் ஒரு பிரான்சிஸ்கனைப் பிடித்து எதிர்ப் போப்பாக உட்காரவைத்தார். அதே மாதம் ஒரு ராத்திரி, அவிஞோனில் காவலில் இருந்த மிக்கேலும் பொனகிராசியாவும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்திருந்த வில்லியம் ஆக்கம் என்ற தத்துவவாதியும் தப்பி ஓடி, கப்பலேறி, லூயியிடம் சேர்ந்தார்கள். கீழ்ப்படிதல்தான் பெரிது என்று பத்து வருஷம் முன்பு தன் ஆட்களுக்குப் பாடம் எடுத்த மிக்கேல், மியூனிக்கில் மன்னன் சோற்றில் இருந்துகொண்டு போப்புக்கு எதிராக எழுதியபடியே 1342இல் இறந்தார். எதிர்ப் போப் இரண்டே வருஷத்தில் கழுத்தில் கயிற்றோடு அவிஞோனுக்கு வந்து காலில் விழுந்தார். ஜான் மன்னித்தார். அரண்மனைக்குள்ளேயே காவலில் வைத்து நன்றாகவே சாப்பாடு போட்டார். அந்தச் சாப்பாடு யார் பெயரில் இருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

1334 டிசம்பரில் ஜான் போய்ச் சேர்ந்தார். அவர் கஜானாவில் தங்கக் காசாக ஒரு கோடியே எண்பது லட்சம், நகையும் பாத்திரமுமாக எழுபது லட்சம் ஃபுளோரின் இருந்ததாக ஃபுளோரன்ஸ் நகர வரலாற்றாசிரியர் வில்லானி எழுதினார். எண்ணியவர்களிடம் தன் தம்பி நேரில் கேட்டதாகச் சாட்சியும் வைத்தார். பிற்காலத்தில் கணக்கேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் இது அபாண்டம், பத்து லட்சத்துக்கும் குறைவுதான் என்று நிரூபித்து அவர் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

பிரான்சிஸ்கன்கள் நூறு வருஷத்துக்கு மேல் தங்கள் ரொட்டிக்குத் தாங்களே சொந்தக்காரர்கள் என்ற அவமானத்தோடு சாப்பிட்டார்கள். 1428 நவம்பரில் 5ஆம் மார்ட்டின் மனமிரங்கி ஆணை பிறப்பித்தார். பழைய ஏற்பாடே மறுபடி அமலுக்கு வந்தது. ரொட்டி போப்பாண்டவர் பெயருக்கு மாறியது.