வேகத்துக்கும் வரிசை உண்டு

மீத்திறன் கணினிப் பயிற்சியில் முதல் நாளே ஆம்டால் விதியைச் சொல்லி ஆசையை அடக்கிவிடுவார்கள். 1967-இல் பிறந்த ஞானம் அது: நிரலில் 5 விழுக்காடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்றால், ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. கல்யாண வீட்டில் நூறு பேர் காய் நறுக்கலாம். தாலி கட்டுவது ஒருவர்தானே!

இரண்டாம் நாள், 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் நிரல்மொழி. தாத்தாவுக்கு இன்னும் ஓய்வில்லை. வானிலைக் கணக்கை அவர்தான் பார்க்கிறார்.

மூன்றாம் நாள், வேலைகளுக்கு முறை ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசையில் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருத்தல். நொடிக்குக் கோடானுகோடி கணக்குப் போடும் இயந்திரத்தின் வாசலில் நாம் கற்பதென்னவோ பொறுமைதான். ரேஷன் கடையில் நின்று பழகியவர்களுக்கு இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண். மற்றவர்களுக்குச் சான்றிதழ் மட்டும்.