இடதுபுறம் பாருங்கள், இருந்தது

ஆகஸ்ட் 22 நெருங்கினால் மயிலாப்பூரில் பாரம்பரிய நடைக்காகத் தொப்பி வைத்த கூட்டம் நடமாடும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்ததை நினைவுகூரும் மெட்ராஸ் தினத்தை, ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிவிட்ட ஊரில் கொண்டாடுவதுதான் முறை போலும்!

மாடவீதியில் வழிகாட்டி நிற்பார். "இங்கேதான் திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரையோட ஒரு வீடு இருந்தது." எல்லோரும் பயபக்தியோடு அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தைப் படம் எடுப்பார்கள். ஒரு மாமா மட்டும் செல்போனை எடுக்கமாட்டார்; அந்த வீட்டை பில்டருக்குக் கொடுத்ததே அவர்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கட்டிய லஸ் சர்ச் மட்டும் எப்படித் தப்பியது? அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அதற்கு இல்லையே.

நடை முடிந்ததும் மாமாவைச் சுற்றித்தான் கூட்டம். கட்டடக்கலைச் சந்தேகம்தான்: "சதுர அடி என்ன விலைக்குப் போச்சு, சார்?"