ஒரு ஸ்டிக் வெண்ணெய்

அமெரிக்கர்களுக்கு வெண்ணெய் அளப்பதில் எந்தக் கவலையும் கிடையாது. கால் பவுண்டு வெண்ணெயை நீளக் கட்டியாக்கி, சுற்றிய காகிதத்திலேயே எட்டுப் பங்காகக் கோடு போட்டு விற்கிறார்கள். அதன் பெயர் ஸ்டிக். ஒரு கோட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். கத்தியை வைத்து அழுத்தினால் தீர்ந்தது. ஸ்டிக் ஒன்று அரை கப், 113 கிராம். தராசு வேண்டாம், புத்தியும் அதிகம் வேண்டாம்.

கவலையெல்லாம் அவர்களுடைய கேக் குறிப்பை வைத்துக்கொண்டு இங்கே அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான். நம் கடையில் கிடைப்பது 100 கிராம் பாக்கெட். மிச்சம் 13 கிராமுக்காக இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். அதில் மீந்த 87 கிராமை மகள் அடுத்த கேக்குக்கென்று ஒதுக்குவாள். தோசைக்கென்று நான் ஒதுக்குவேன். அடுத்த கேக்குக்கு அவள் புதுப் பாக்கெட்தான் வாங்குகிறாள்.

சரி, கப்பால் அளக்கலாமென்றால், எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. எங்கள் வீட்டுக் கப் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை, 180. டேபிள்ஸ்பூன் கூட பல ஊர்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. போதாததற்கு, ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் கப்பில் மூலைக்கொன்றாக உட்கார்ந்துகொண்டு நடுவில் காற்றுக்கு இடம் விடும்.

என் மாமியாருக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிபடவே இல்லை. "முறுக்குக்கு எலுமிச்சங்காய் அளவு வெண்ணெய் போடுவோம் மாப்பிள்ளை. இதுல என்ன கணக்கு?" என்றார். எடையெல்லாம் கடைக்காரன் சமாச்சாரம் என்பது அவர் கட்சி. அந்தக் கடைக்காரரிடமும் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறார். ஒரு லிட்டர் நெய் பாக்கெட்டில் 905 கிராம் என்று அச்சடித்திருந்ததே காரணம். "மீதி 95 கிராமை யாரு தின்னா?" நெய் தண்ணீரைவிட லேசு என்று நான் சொன்னதை, கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாகவே எடுத்துக்கொண்டார்.

மகள் ஒரு பழைய உபாயத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு கப் அளவுள்ள பாத்திரத்தில் அரை கப் தண்ணீர் விட்டு, தண்ணீர் ஒரு கப் கோட்டுக்கு ஏறும்வரை வெண்ணெயைப் போட்டால், போட்டது அரை கப். அருமையான வழிதான். ஆனால் வெண்ணெய் மிதக்கும். மிதக்கிற பொருள் தன் எடைக்கு எடை தண்ணீரைத்தான் விலக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆக, 100 கிராம் வெண்ணெயைச் சும்மா மிதக்கவிட்டால் தண்ணீர் 100 மில்லி ஏறும். கரண்டியால் முழுக அமுக்கினால் இன்னும் நாலைந்து மில்லி ஏறும். விட்டால் எடை, அமுக்கினால் கொள்ளளவு! தராசும் கப்பும் ஒரே பாத்திரத்தில். நான் குதிக்காத குறை. இருவரும் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

மாமியார் தண்ணீரில் கைவிட்டு வெண்ணெயை எடுத்தார். ஈரக் கையால் நாலு உருட்டு உருட்டினார். "எலுமிச்சங்காய் இல்ல, சாத்துக்குடி" என்றார். எனக்கு அரித்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாலு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எலுமிச்சை உருண்டை 32 கிராம் சொச்சம். 113 கிராமை உருட்டினால் குறுக்கே ஆறு சென்டிமீட்டர். சாத்துக்குடியேதான்.

மகள் உடனே ஃபிரிஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ஒரு ஸ்டிக் = ஒரு சாத்துக்குடி.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டுச் சொன்னார்: "சின்ன சாத்துக்குடின்னு எழுதுடி. இப்பல்லாம் கோயம்பேட்டுக்கு வர்றது ரெண்டு ஸ்டிக் இருக்கும்."